கேனுக்குள் வராத ஆறு மணி நேரம்

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏலத்தில் வேலை. அதிகாலை 3 மணிக்குப் போனால் 9 மணிக்குத்தான் வீடு. மாலையில் வியாசர்பாடியில் பாக்சிங் பயிற்சி. வயது 26, எடை 70 கிலோ. 24 மணி நேரச் சிறுநீரில் கிரியேட்டினின் 1.1 கிராம் என்று ரிப்போர்ட் வந்தது. "கிராமுக்கு 20 கிலோ தசை, உனக்கு மொத்தமே 22 கிலோதான்" என்கிறார் மாஸ்டர். தசை கரைகிறதா?

பதில்: தம்பி, மாஸ்டர் கணக்கில் விஷயம் இருக்கிறது. தசைக்குச் சக்தி கொடுக்க உதவும் கிரியேட்டின் என்ற பொருள் உடம்பில் இருக்கிறது; அதில் சுமார் 95 சதவீதம் தசையில்தான். அதில் தினமும் 2 சதவீதம் போல, தானாகவே கிரியேட்டினின் என்ற கழிவாக மாறிச் சிறுநீரில் இறங்கிவிடும். அதை வைத்துத்தான் கிராமுக்கு 17 முதல் 20 கிலோ தசை என்று மதிப்பிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் வயது ஆணுக்குக் கிலோ எடைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வர வேண்டும். 70 கிலோவுக்கு 1.4 கிராமாவது இருக்கணும். பாக்சிங் போடுகிற ஆளுக்கு 1.1 என்றால் என் சந்தேகம் முதலில் சிறுநீர் சேர்த்த கேன் மேல்தான். ஏலத்துக்குப் போனபோது அது வீட்டு பாத்ரூம் மூலையில்தானே இருந்தது? துறைமுகத்தில் போனதெல்லாம் கணக்கில் வரவில்லை. 1.1 கிராம் 18 மணி நேரத்துக்கு உரியது என்றால், 24 மணிக்கு ஏறக்குறைய 1.47. ஆக, பயப்பட ஒன்றுமில்லை.

திரும்ப எடுப்பதாக இருந்தால் லீவு நாளில் எடுங்கள். காலை 6 மணிக்குப் போகும் முதல் சிறுநீரைக் கேனில் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். அப்புறம் மறுநாள் காலை 6 மணிக்குப் போவது வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் சேர வேண்டும். கேனைக் குளிர்ச்சியாக வையுங்கள்.

மூன்று நாள் முன்பிருந்தே மீன், கறி வேண்டாம். காசிமேட்டுக்காரரிடம் இதைச் சொல்வது பாவம்தான்! ஆனால் குழம்பு மீனில் இருக்கும் கிரியேட்டினினும் சிறுநீரில் வந்து கணக்கை ஏற்றிவிடும். கிரியேட்டின் பவுடர் குடித்தால், நிறுத்தி ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கிட்னியில் கோளாறு இருந்தாலும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

இவ்வளவு கவனமாக எடுத்தாலும் நாளுக்கு நாள் 5 முதல் 10 சதவீதம் மாறும். ஒரு கிலோ தசை கூடியதா குறைந்ததா என்று இதில் தெரியாது. மூன்று-மெத்தில்ஹிஸ்டிடின் என்ற இன்னொரு சோதனையும் உண்டு. அது தசை எவ்வளவு சிதைகிறது என்பதைக் காட்டுமே தவிர, எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல.

என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு ஒரு டேப் வாங்கி, மாதம் ஒருமுறை தொடையை ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். எடை தானாக இறங்கி, மீன் கூடையைத் தூக்கவே சிரமமானால் டாக்டரிடம் போங்கள்.