ஜிம்முக்குப் போகிறவர் வைட்டமின் மாத்திரை போட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 36. அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. எனக்கும் எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொன்னதால் இரண்டு மாதமாக ஜிம்முக்குப் போகிறேன். பயிற்சியின்போது ஃப்ரீ ரேடிக்கல் பெருகி செல்களைக் கெடுக்கும் என்று சொல்லி, தினமும் 1000 மி.கி. வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் ஈ போடச் சொல்கிறார் பயிற்சியாளர். தொடரலாமா?

பதில்: மருத்துவர் எழுதித் தந்ததில்லை என்றால் வேண்டாம். அதிலும் சர்க்கரைக்குப் பயந்து பயிற்சியில் இறங்கிய உங்களுக்கு இந்த மாத்திரைகள் எதிர்வேலை பார்க்கவும் கூடும்.

பயிற்சியாளர் சொன்னதில் பாதி சரி. தசை உழைக்கும்போது சில நொதிகளிலிருந்தும் செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்தும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனுக்குத் தாவி சூப்பர்ஆக்சைடு உண்டாகிறது. மற்ற மூலக்கூறுகளோடு எளிதில் வினைபுரியும் இதுவும் ஒரு ஃப்ரீ ரேடிக்கல்தான். செல் அதை உடனே ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அதே பொருள்தான். அப்படி நுரைப்பதே, அதை உடைக்கும் கேட்டலேஸ் நொதி நம் உடலிலேயே இருப்பதால்தான். இவை அளவு மீறினால் டிஎன்ஏவும் செல்சவ்வும் பழுதாகும், உண்மை.

அளவோடு இருந்தால் கதையே வேறு. ஹைட்ரஜன் பெராக்சைடு சில புரதங்களின் கந்தக முனைகளைத் தொட்டு அவற்றின் வேலையை மாற்றுகிறது. தசைக்கு அது ஒரு செய்தி: பாதுகாப்பு நொதிகளைக் கூட்டு, மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கு. பயிற்சியின் பலனில் ஒரு பங்கு இந்தச் செய்தியால்தான் வருகிறது. சி, ஈ மாத்திரைகள் ஃப்ரீ ரேடிக்கலை அடக்கப் போடுபவை; கூடவே இந்தச் செய்தியையும் அடக்கிவிடக்கூடும். வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்காக சூப்பர்ஆக்சைடை வேண்டுமென்றே தயாரிக்கின்றன. அதைத் தயாரிக்க முடியாத மரபுக் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் கடும் தொற்று திரும்பத் திரும்ப வரும். தைராய்டு ஹார்மோன் உருவாவதற்கும் பெராக்சைடு தேவை.

2009இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு நீங்கள் குறிப்பிட்ட அதே அளவு சி, ஈ. மாத்திரை போடாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. போட்டவர்களுக்கு அந்த முன்னேற்றம் தெரியவில்லை. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இப்படியே சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் காசு கொடுத்து இந்தச் சந்தேகத்தை ஏன் வாங்க வேண்டும்? நீண்ட காலம் போடுவதிலும் சிக்கல் உண்டு: அமெரிக்காவில் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்ததாக 2011இல் தெரியவந்தது.

கல்லீரல் கொழுப்புக்கு மருத்துவர்களே சிலருக்கு வைட்டமின் ஈ எழுதுவதுண்டு. உங்களுக்கு அப்படி யாராவது எழுதியிருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மற்றபடி ஒரு கொய்யாப்பழம் போதும், அன்றைய வைட்டமின் சி அதிலேயே கிடைத்துவிடும். பழம், காய்கறிகளைக் குறைக்க வேண்டியதில்லை. நான் சொன்னதெல்லாம் மாத்திரை அளவைப் பற்றித்தான். பயிற்சியை விடாமல் செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு எழுதுங்கள்.