புள்ளியும் பொத்தானும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாயேஜர் 1 விண்கலம் எடுத்த பூமியின் படத்தைச் சென்ற வாரம் பார்த்தேன். ஒரு வெளிர்நீலப் புள்ளி, அவ்வளவுதான். அன்றிலிருந்து எழுத முடியவில்லை. சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன இரண்டு சகோதரிகளைப் பற்றிய கதை பாதியில் கிடக்கிறது. இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் இந்தச் சில்லறைச் சண்டைக்கு என்ன பொருள்? மனிதனின் இடத்தைப் புரிந்துகொள்ள எந்தெந்த நூல்களை வாசிக்க வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நூல் பட்டியலெல்லாம் இப்போது வேண்டாம். படித்தது போதாமல் வந்த சிக்கல் இல்லை இது. அப்புறம், எழுதாமல் இருப்பதற்குப் பிரபஞ்சத்தைக் காரணம் காட்டாதீர்கள். கதை நகரவில்லை என்றால் கோளாறு கதையில்தான் இருக்கும்.

ஆனால் அந்தப் படம் கொஞ்ச நாளாகவே என் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எடுக்கப்பட்ட விதம் தெரிந்திருந்தால் நீங்கள் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். வாயேஜர் சனியைக் கடந்த பிறகு, திரும்பிப் பூமியை ஒரு படம் எடுக்கலாம் என்று அந்தத் திட்டத்தில் இருந்த வானியலாளர் கார்ல் சேகன் கேட்டார். அத்தனை தூரத்திலிருந்து பூமியில் எதுவும் தெரியாது, ஆராய்ச்சிக்குப் பெரிதாக உதவாது என்பது அவருக்கே தெரியும். சூரியன் பக்கம் திருப்பினால் கேமரா கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு. வருடக்கணக்கில் தள்ளிப்போய், 1990 பிப்ரவரி 14 அன்று சுமார் 600 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து எடுத்தார்கள். பூமி ஒரு பிக்சலைக்கூட நிரப்பவில்லை. அதன்மேல் விழுகிற ஒளிக்கற்றை, கேமராவுக்குள் சிதறிய சூரிய வெளிச்சம். அந்த வரிசைப் படங்கள் முடிந்ததும் கேமராக்களை அணைத்துவிட்டார்கள்.

அறிவியலுக்கு அவசியப்படாத படம். போகிற வழியில் ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியது, விடாமல் கேட்டார். கதை எழுதுகிறவர்களின் ஆசை இது. அதையே கொண்டுவந்து, கதை வீண் என்பதற்குச் சாட்சியாக நிறுத்துகிறீர்களே!

என் அப்பா கடைசி நாட்களில் சட்டைப் பொத்தானைத் தானே போடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பார். விரல் நடுங்கும். பொத்தான் துளையின் விளிம்புவரை வந்து நழுவும். நான் கை நீட்டினால் முறைப்பார். ஒருநாள் போட்டுவிட்டார், ஒரு துளை மாற்றி. அதைச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. 1,380 கோடி வருடப் பிரபஞ்சத்தில் இது எம்மாத்திரம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், வெளியே போ என்றிருப்பேன். தூரம் போகப் போக உருவம்தான் சிறுக்கும். வலி சிறுக்காது, மானமும் சிறுக்காது.

அந்தச் சகோதரிகளைச் சில்லறை என்று நீங்கள் ஒதுக்கியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கணியன் பூங்குன்றனார் பாட்டின் முதல் வரியை மட்டும் மேடைதோறும் சொல்கிறோம். கீழே இறங்கி வாருங்கள். கல்லில் மோதி இரைந்தோடும் பேராற்றில் மிதவை போகிறபடி உயிர் போகும் என்கிறார். மனிதன் எவ்வளவு சிறியவன் என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. அங்கிருந்து எல்லாம் வீண் என்று அவர் கையை விரிக்கவில்லை. பெரியோரை வியப்பதும் இல்லை, "சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று முடிக்கிறார். நீங்களோ பெரியதைப் பார்த்து வாய்பிளந்த கையோடு சிறியவர்களை இகழ்ந்துவிட்டீர்கள்.

சரி, ஒன்று கேட்கிறேன். அந்த இருவரில் பேசிவிடலாம் என்று முதலில் நினைத்தது யார், என்ன தடுத்தது? இது உங்களுக்கே தெரியாதென்றால், கதை நின்றது அங்கேதான்.