ஒன்றாம் வகுப்பில் விளையாட்டுதானா, பாடம் எப்போது?

மகள் ஒன்றாம் வகுப்பில் மணிகளும் குச்சிகளும் வைத்து விளையாடிவிட்டு வருகிறாள், நோட்டில் ஒன்றும் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மணிகள்தான் பாடம்.

ஐந்து மணிகளை ஒரு வரிசையாகவும், அதற்கு நேராக இன்னொரு ஐந்தையும் வையுங்கள். 'ரெண்டும் சமம்' என்பாள். அப்புறம் ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் பலர் 'இதில்தான் அதிகம்' என்பார்கள். உளவியலாளர் ழான் பியாஜே செய்துகாட்டிய சோதனை இது. நூறு வரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைகூட இதில் தடுமாறலாம். அதனால்தான் முதலில் தொட்டு எண்ணுவது, பிறகு படமாக வரைவது, கடைசியில்தான் 5, 7 என்று எழுதுவது. பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிப் பழகியவளுக்கு 23-இல் உள்ள 2 ஏன் இருபது என்பது எளிதில் பிடிபடும்.

வாசிப்பு வேறு கதை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைப்பது தானாக வராது. ஆசிரியர் நேரடியாக, வரிசையாகச் சொல்லித்தர வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் தாராளமாகப் போய்க் கேளுங்கள்.

எழுதுவதா? விரல்களுக்கு இன்னும் பிடிமானம் வரவேண்டிய வயது. களிமண் பிசைவதும் கத்தரிக்கோலால் வெட்டுவதும் அதற்கான பயிற்சிதான்.