வெள்ளை வானம் பழுதல்ல

நோர்வேயின் பேர்கன் நகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய பொருள் சந்தையில் வட நோர்வே கடற்கரைப் படம் ஒன்று வாங்கினேன். அடியில் ஓர் எண்ணும் 'கே. க்னுட்சன்' என்ற பெயரும் உள்ளன. மலை தெளிவாக இருக்கிறது, ஆனால் வானம் வெறும் வெள்ளை. கடலும் மூடுபனி போல் தெரிகிறது. படம் வெளுத்துவிட்டதா? ஈரத்துணியால் துடைக்கலாமா?"

முதலில் அந்தத் துணியை எடுத்து வையுங்கள். இந்தப் படத்தில் தண்ணீர் படவே கூடாது.

க்னுட் க்னுட்சன் 1864இல் பேர்கனில் புகைப்படத் தொழில் தொடங்கியவர். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து அங்கேயே கழுவ வேண்டும். அதனால் இருட்டுக் கூடாரம், ரசாயனப் புட்டிகள், கனத்த கண்ணாடிகள் எல்லாமே கேமராவோடு பயணப்பட்டன. அந்தக் கரையோரத்தில், அந்தக் குளிர்காற்றில் இதைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

அந்தத் தகடு நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும். பச்சையும் சிவப்பும் அதில் சரியாகப் பதியாது. பாறையும் புல்லும் பதிகிற நேரத்துக்குள் வானம் நெகட்டிவில் முழுக்கக் கறுத்துவிடும். அச்சில் அது வெள்ளையாக வரும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே என்ற புகைப்படக் கலைஞர் 1850களிலேயே வானத்துக்கும் கடலுக்கும் தனித்தனி நெகட்டிவ் எடுத்து ஒரே படமாக அச்சிட்டது இதைச் சமாளிக்கத்தான். கடல் மங்கியதற்குக் காரணம் வேறு: லென்ஸ் விநாடிக்கணக்கில் திறந்திருக்க, அலைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்துவிட்டன.

நிஜமான வெளுப்பு வேறு மாதிரி இருக்கும். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் அச்சிட்ட படம் என்றால், வெளிச்சப் பகுதிகள் மஞ்சளாகும், ஓரங்களிலிருந்து விவரம் கரையும். உங்கள் படத்தில் நிழல்கள் ஊதா கலந்த பழுப்பாக, அழுத்தமாக இருந்தால் அது நல்ல நிலையில் இருக்கிறது.

அப்புறம், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பின்னாளில் அச்சகத்தில் அடித்த பிரதி. அந்த எண்ணையும் விடாதீர்கள். க்னுட்சனின் சேகரிப்பு உங்கள் ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்திலேயே இருக்கிறது. கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒட்டியிருக்கும் அட்டையிலிருந்து படத்தை உரிக்க வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். ஒருமுறை ஸ்கேன் செய்துகொண்டு, அமிலமில்லாத தாளுறையில் இருட்டான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். சுவரில் மாட்ட அந்த ஸ்கேன் பிரதியே போதும்.