எழுந்து நின்றதும் கண் இருட்டினால் அது நரம்புக் கோளாறா?

சர்க்கரை நோயுள்ள உங்கள் அப்பாவுக்கு எழுந்ததும் கண் இருட்டுகிறது, மூளைக்கு ரத்தம் போவதில் நரம்புக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். என் அப்பாவுக்கும் இதேதான் நடந்தது.

முதலில் ஒரு விஷயம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதையும் நாம் நரம்பு என்றுதான் சொல்கிறோம், 'நரம்பு ஊசி' என்கிறோம். அது ரத்தக் குழாய். இங்கே பேச்சு, சேதி கொண்டுபோகும் நரம்பைப் பற்றி.

படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். கழுத்தில், தாடைக்குக் கீழே, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் குழாய்ச் சுவருக்குள் நரம்பு நுனிகள் இருக்கின்றன. சுவர் எவ்வளவு விரிகிறது என்று அவை ஓயாமல் மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அழுத்தம் இறங்கினால் அந்தச் சேதி குறையும். உடனே முகுளம், இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் நம்மை அறியாமலே இயக்கும் பரிவு நரம்புகளை முடுக்கும். இதயம் வேகமாக அடிக்கும், கால், வயிற்றுக் குழாய்கள் இறுகும். எல்லாம் சில நொடிகளில்.

மூளைக்குள் இருக்கும் குழாய்களையும் நரம்புகள் தொடுகின்றன. ஆனால் சராசரி அழுத்தம் (பிரஷரின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் இடைப்பட்டது) ஏறக்குறைய 60க்கும் 150க்கும் நடுவில் இருக்கும்வரை அந்தக் குழாய்கள் பெரும்பாலும் தாமாகவே விரிந்து சுருங்கிச் சமாளித்துவிடும். அதற்கும் கீழே போனால்தான் கண் இருட்டுகிறது. ஆக, மூளையைக் காப்பாற்றும் நரம்பு வேலையில் பெரும்பகுதி கழுத்திலும் நெஞ்சிலும் காலிலும் நடக்கிறது.

பல வருஷச் சர்க்கரை இந்த நரம்புகளையும் அரித்துவிடலாம். அப்பா விடியற்காலையில் பாத்ரூம் வாசலில் விழுந்தார். முதலில் போன இடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாலு மாதம் வீணாகப் போனது, இன்னொரு தடவையும் விழுந்தார். இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் அவரைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார்: மேல் அளவு 142. நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் மறுபடி பார்த்தார்: 106. மேல் அளவு 20 இறங்கினாலே கோளாறுதான். நாடியோ 76லிருந்து 80க்குத்தான் போயிருந்தது. "பிரஷர் இவ்வளவு விழுந்தும் இதயம் வேகம் எடுக்கவில்லை பாருங்கள், சேதி போய்ச் சேரவில்லை" என்றார். புராஸ்டேட்டுக்குச் சாப்பிட்ட மாத்திரையும் பிரஷரை இறக்கக்கூடியது என்று அதை மாற்றினார்.

இப்போது அப்பா கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் எழுகிறார். விழுந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது.

நீங்களும் தயவுசெய்து படுத்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் உட்கார வைத்து மட்டும்தான் பார்ப்பார்கள். பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ ஒரு பக்கக் கை விழுந்தாலோ அது இந்தக் கதை இல்லை, பக்கவாதம். அப்போது தண்ணீர்கூடக் கொடுக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.