காற்பந்துக் கேள்வி பதில்: ஜெர்மனிக்கு ஆட்டம் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு

நானும் தம்பியும் டோர்ட்மண்ட் குழுவின் ரசிகர்கள். பிப்ரவரியில் போய், அந்த மஞ்சள் சுவரை, அதாவது மஞ்சள் உடையில் ரசிகர்கள் நிற்கும் தெற்குப் பகுதியை, நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இணையத்தில் தேடினால் ஒரு நுழைவுச்சீட்டு 300 யூரோ, 400 யூரோ என்று காட்டுகிறது. உண்மையிலேயே அவ்வளவு ஆகுமா?
- வாசகர், ஈசூன்

ஆகாது. நீங்கள் பார்த்தது மறுவிற்பனைக்காரர்களின் விலை. குழு நேரடியாக விற்கும் சீட்டில், நின்று பார்க்கும் இடம் 20 யூரோவை ஒட்டித்தான் இருக்கும். இருக்கைகளும் பெரும்பாலும் நூறு யூரோவுக்குள் அடங்கிவிடும். சிக்கல் விலையில் இல்லை, சீட்டு கிடைப்பதில்தான். அந்த அரங்கில் 81,365 பேருக்கு இடமுண்டு. அப்படியும் ஆட்டத்துக்கு ஆட்டம் நிரம்பிவிடுகிறது.

நடைமுறை இப்படி. முதலில் இருவரும் குழுவின் உறுப்பினர் ஆகிவிடுங்கள். ஆண்டுக் கட்டணம் ஆளுக்கு ஏறக்குறைய 60 யூரோ, வெளிநாட்டவரும் சேரலாம். பொது விற்பனைக்கு முன்பே உறுப்பினர்களுக்குத் தனி விற்பனை நடக்கும், அதில்தான் முக்கால்வாசி கதை முடிந்துவிடும். விற்பனை தொடங்கும் நேரம் ஜெர்மன் நேரப்படி அறிவிக்கப்படும். அதைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிக் குறித்து வைத்துக்கொண்டு, கணக்கில் முன்கூட்டியே நுழைந்து, கடன்பற்று அட்டை விவரத்தையும் சேமித்து வையுங்கள். வரிசையில் உங்கள் முறை வந்த பிறகு கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் இடம் போய்விடும்.

அதிலும் கிடைக்கவில்லையா? குழுவே நடத்தும் மறுவிற்பனைத் தளம் இருக்கிறது. ஜெர்மானியர்கள் ட்ஸ்வைட்மார்க்ட் என்பார்கள். பருவச்சீட்டு (பருவம் முழுவதுக்குமான சீட்டு) வைத்திருப்பவர்கள் தாங்கள் வர முடியாத ஆட்டத்தின் சீட்டை அதில் போடுவார்கள். ஆட்டத்துக்கு முந்தைய வாரத்தில், அதிலும் கடைசி இரண்டு நாள்களில், அடிக்கடி திறந்து பாருங்கள். இருவருக்கும் அடுத்தடுத்த இடம் வேண்டுமென்று அடம்பிடிக்காவிட்டால் வாய்ப்பு கூடும்.

வெளிச் சந்தையில் 400 யூரோ கொடுப்பதில் பணம் மட்டும் போவதில்லை. விதிமீறி விற்றதாகத் தெரிந்தால் குழு அந்தச் சீட்டை ரத்து செய்யும். கதவருகே பட்டைக்குறி வேலை செய்யாதபோதுதான் உங்களுக்குத் தெரியவரும்.

இன்னொன்று. தெற்குப் பகுதியில் ஏறக்குறைய 25,000 பேர் நிற்கிறார்கள், அவ்வளவும் கிட்டத்தட்டப் பருவச்சீட்டுக்காரர்கள். ஆனால் மஞ்சள் சுவரைப் பார்ப்பதற்கு அதற்குள் நிற்கவேண்டியதில்லை, நின்றால் பார்க்கவும் முடியாது. அதற்கு நேர் எதிரே உள்ள வடக்குப் பகுதி, அல்லது பக்கவாட்டில் மேல்தட்டு, இவையே நல்ல இடம். எதிராளி பெரிய குழுவான பயர்னோ பரம எதிரியான ஷால்க்கவோ ஆக இருக்கும் ஆட்டத்தை முதல் பயணத்துக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆட்ட அட்டவணையில் "13 முதல் 15 வரை" என்று மூன்று நாள் போட்டிருக்கிறார்கள். எந்த நாள் ஆட்டம் என்று தெரியாமல் விமானச்சீட்டு எப்படி வாங்குவது?
- வாசகர், ஜூரோங் வெஸ்ட்

அந்த மூன்று நாளும் அடங்கும்படி வாங்குங்கள். வியாழன் காலை இறங்கி, திங்கள் இரவு கிளம்புவது. அதைக் குறைக்கப் பார்ப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

பருவம் தொடங்கும்முன் வார இறுதிகள் மட்டுமே உறுதியாகும். எந்த ஆட்டம் வெள்ளி, எது சனி, எது ஞாயிறு என்பதைப் பிறகு கட்டங்கட்டமாகத்தான் அறிவிப்பார்கள். தொலைக்காட்சித் தேவை, காவல்துறைக் கருத்து, ஐரோப்பியப் போட்டிகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஓரளவு ஊகிக்கலாம்: வியாழக்கிழமை ஐரோப்பியப் போட்டியில் ஆடும் குழுவுக்குப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான் வரும். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடாத இரண்டு குழுக்கள் மோதினால் சனிக்கிழமை பிற்பகல் 3.30க்கு வாய்ப்பு அதிகம். நாள், நேரம் இரண்டிலும் முன்கூட்டியே நம்பலாம் என்றால் அது 34வது சுற்று, அதாவது கடைசிச் சுற்று. ஒன்பது ஆட்டமும் சனிக்கிழமை ஒரே நேரத்தில் நடக்கும்.

சனி 3.30 என்பது நமக்கு இரவு 10.30, அங்கே கோடைக்கால நேரம் நடக்கும்போது 9.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும். சீட்டு விற்பனை நேரத்தைக் கணக்கிடும்போதும் இதை மறந்துவிடாதீர்கள்.

பள்ளி விடுமுறையில்தான் பிள்ளைகளை அழைத்துப் போக முடியும். ஜூன் மாதம் சரிவருமா?
- வாசகி, செங்காங்

ஜூனில் போனால் புல் வெட்டும் இயந்திரத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். ஜெர்மனியின் முதல் டிவிஷனான புண்டஸ்லீகா மே மாதத்தில் முடிந்து ஆகஸ்டில்தான் திரும்பத் தொடங்குகிறது.

உங்களுக்கு ஏற்றது ஆண்டிறுதி விடுமுறையின் முதல் பாதி, நவம்பர் கடைசி வாரத்திலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதிக்குப் பிறகு குளிர்கால இடைவெளி விட்டுவிடுவார்கள், ஜனவரியில்தான் மறுபடி ஆட்டம். மார்ச், செப்டம்பர் விடுமுறைகளில் போவதானால், அந்த வார இறுதியில் தேசியக் குழுக்களின் ஆட்டங்களுக்காக லீக்கை நிறுத்தியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு நிற்கும் பகுதி வேண்டாம். முன்னால் கொடி அசைப்பார்கள், பெரியவர்களுக்கே ஆட்டம் பாதிதான் தெரியும். சீட்டு வாங்கும்போது ஷ்டேப்ளாட்ஸ் என்றால் நிற்பது, சிட்ஸ்ப்ளாட்ஸ் என்றால் உட்கார்வது. பல அரங்குகளில் குடும்பங்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு, சிறுவர் கட்டணமும் உண்டு. கெஸ்டே என்று தொடங்கும் பகுதி வெளியூர் ரசிகர்களுக்கானது. தெரியாமல் அதை வாங்கிவிட்டு உள்ளூர்க் குழுவின் சட்டையோடு போகாதீர்கள். டோர்ட்மண்டில் நீலச் சட்டையும் வேண்டாம்; அது பரம எதிரியான ஷால்க்கவின் நிறம்.

நான் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறேன், சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். நண்பர்கள் சிங்கப்பூரர்கள். எனக்கு மட்டும் விசா வேண்டுமாமே?
- வாசகர், பிடோக்

ஆம். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பிய நாடுகளில்) எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா தேவையில்லை. உங்களுக்குத் தேவை. பயணத்தின் பெரும்பகுதி ஜெர்மனியில் என்றால், சிங்கப்பூரில் இருந்தபடியே ஜெர்மன் விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கடப்பிதழ் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், நீங்கள் ஐரோப்பாவைவிட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு பக்கம் காலியாகவும் இருக்கவேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 15 நாளில் முடிவு வரும்; கூடுதல் விசாரணை என்றால் 45 நாள்வரை இழுக்கும்.

காற்பந்து ரசிகருக்கு இதில் ஒரு தனிச் சங்கடம்: விசா முன்னால், ஆட்டச்சீட்டு பின்னால். ஆகவே விண்ணப்பத்தில் ஆட்டச்சீட்டை நம்பியிருக்காதீர்கள். ரத்து செய்யக்கூடிய தங்குவிடுதிப் பதிவு, பயணத் திட்டம், வேலையிட விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை வைத்தே விண்ணப்பியுங்கள். நண்பர்களின் விமானச்சீட்டோடு சேர்த்து உங்களுக்கும் பணம் திரும்பாத சீட்டை முதல் நாளே வாங்கிவிடுவது பெரிய தவறு.

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் டோர்ட்மண்ட் போக எவ்வளவு நேரம்? ரயில் தாமதம் பற்றிப் பலரும் பயமுறுத்துகிறார்கள்.
- வாசகர், தெம்பனிஸ்

பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் பெருவிரைவு ரயிலில் ஐந்து நிமிடத் தாமதம் செய்தியாகும். அங்கே ஐந்து நிமிடம் தாமதக் கணக்கிலேயே சேராது.

விமான நிலையத்திலேயே தொலைதூர ரயில் நிலையம் உண்டு. அங்கிருந்து டோர்ட்மண்டுக்கு ஐசிஇ எனும் அதிவேக ரயிலில் இரண்டு முதல் இரண்டரை மணி நேரம். ஷ்பார்ப்ரைஸ் எனும் மலிவுச்சீட்டு குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமாகி அந்த ரயிலை விட்டால் சீட்டு வீண். ஆகவே இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் மூன்று மணி நேரம் விடுங்கள். இப்போது எல்லையில் கைரேகையும் முகப் படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளக்கூடும்.

தாமதம் ரயிலால் வந்தால் கதை வேறு. போய்ச்சேரும் இடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே அந்த ரயில்-கட்டுப்பாடு நீங்கிவிடும், அதே ஊருக்கான வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடு, இரண்டு மணி நேரமானால் 50 விழுக்காடு திரும்பக் கேட்கலாம். ரயில் நிறுவனத்தின் செயலியிலேயே கேட்க வழி உண்டு, பலர் கேட்பதே இல்லை.

ஆட்ட நாளன்று கணக்கு இது. 3.30 ஆட்டம் 5.25 வாக்கில் முடியும். அரங்கத்திலிருந்து 80,000 பேர் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். ஏழு மணிக்கு முந்தைய தொலைதூர ரயில் எதையும் பதிவு செய்யாதீர்கள். மாலை 6.30 ஆட்டம் என்றால் அன்றிரவு அந்த ஊரிலேயே தங்குவதுதான் நல்லது. திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஃபிராங்க்ஃபர்ட்டில் கழியுங்கள். அங்கிருந்து விமான நிலையம் நகர ரயிலில் கால் மணி நேரத்துக்குள்.

டோர்ட்மண்டிலும் ரூர் வட்டாரத்தின் பிற அரங்குகளிலும் ஆட்டச்சீட்டே அன்றைய உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் செல்லும். சீட்டில் அச்சிட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எல்லா ஊரிலும் இப்படி இல்லை. ஐசிஇ ரயிலுக்கு எங்குமே செல்லாது.

அரங்கத்தில் சைவம் கிடைக்குமா? நாங்கள் மாட்டிறைச்சியும் சாப்பிடுவதில்லை.
- வாசகி, பொங்கோல்

உருளைக்கிழங்கு வறுவலும் பிரெட்சல் ரொட்டியும் எங்கும் கிடைக்கும். பிராட்வூர்ஸ்ட் எனும் சாசேஜ் பெரும்பாலும் பன்றி இறைச்சி. ஃபிராங்க்ஃபர்ட் பக்கம் ரிண்ட்ஸ்வூர்ஸ்ட் என்று விற்பார்கள், அது மாடு. பலகையில் ரிண்ட் என்றால் மாடு, ஷ்வைன் என்றால் பன்றி, ஹேன்ஷென் என்றால் கோழி, வெகெடாரிஷ் என்றால் சைவம். இந்த நான்கு சொல் போதும். ரயில் நிலையத்தருகே துருக்கியர் கடைகளில் ஃபலாஃபெல் சாப்பிட்டுவிட்டுப் போவது வயிற்றுக்கும் பைக்கும் நல்லது. ஹலால் தேடும் வாசகர்களுக்கும் அந்தக் கடைகளே வழி, கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

குவளைக்கு வைப்புத்தொகை வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கைகொடுக்கும். பையின் அளவு பல அரங்குகளில் ஏ4 தாளுக்கு மேல் போகக்கூடாது. முதுகுப்பையை விடுதியிலேயே விட்டுவிடுங்கள்.

பிப்ரவரிக் குளிருக்கு என்ன உடை?
- வாசகர், உட்லண்ட்ஸ்

மேலுடம்பை எல்லாரும் கவனிக்கிறார்கள், பாதத்தை விட்டுவிடுகிறார்கள். இரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் அசையாமல் நின்றால் குளிர் கீழிருந்துதான் ஏறும். தடித்த அடிப்பாகமுள்ள காலணி, ஒரே ஒரு கம்பளிக் காலுறை. இரண்டு காலுறை போட்டுக் காலணியை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் விறைக்கும். அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் காலடியில் போட்டுக்கொள்வது அங்குள்ளவர்களின் பழைய உத்தி. உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது.

பயர்ன், டோர்ட்மண்ட் இரண்டுக்கும் சீட்டு கிடைக்காவிட்டால் போவதில் பொருள் உண்டா?
- வாசகர், தோ பாயோ

தாராளமாக உண்டு. பெயரைத் துரத்தாமல் வட்டாரத்தைப் பிடியுங்கள். டோர்ட்மண்ட், கெல்சன்கிர்ஷன், போஹும், எஸ்ஸன், டூஸ்பர்க் எல்லாம் ஒரே ரயில் வலையில் கோத்த மணிகள். கொலோனும் லெவர்குசனும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள் வெள்ளி மாலை 6.30, சனி 1.00, சனி இரவு 8.30, ஞாயிறு 1.30 என்று விழும். முதல் டிவிஷனோடு நேரம் மோதாதபடி அடுக்கினால் ஒரே வார இறுதியில் மூன்று ஆட்டம் பார்த்துவிடலாம்.

பெர்லினில் ஹெர்த்தா குழு ஆடும் ஒலிம்பிக் அரங்கில் 74,000க்கு மேல் இடம். பெரிய எதிராளி தவிர நிரம்புவது அரிது, ஆகவே சீட்டு எளிது. குறை என்னவென்றால் நீல ஓடுதளம் ஆட்டத்தை உங்களிடமிருந்து தள்ளி வைத்துவிடும். அதே நகரில் யூனியன் குழுவின் அரங்கு நேர் எதிர்: 22,012 இடங்களில் ஏறத்தாழ 18,000 நிற்பதற்கு. 2008, 2009இல் அரங்கைப் புதுப்பிக்க 2,000க்கு மேற்பட்ட ரசிகர்கள் சம்பளமில்லாமல் கல் சுமந்தார்கள். அங்கே சீட்டு அரிது. பெர்லினில் தங்கி, ஒரு மணி நேர ரயிலில் வோல்ஃப்ஸ்பர்க் போனால் அரங்கு நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். உற்சாகம் குறைவு, சீட்டு உறுதி.

இங்கிலாந்தைவிட ஜெர்மனியில் சீட்டு மலிவாக இருக்கக் காரணம் என்ன?
- வாசகர், அங் மோ கியோ

குழுவின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்கவேண்டும் என்று 1998 முதல் விதி. 50+1 என்பார்கள். லெவர்குசனும் வோல்ஃப்ஸ்பர்க்கும் தொழிற்சாலைக் குழுக்களாகப் பிறந்தவை என்பதால் விலக்கு. லைப்சிக் குழு வாக்குரிமையுள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொண்டு விதியின் எழுத்தை மட்டும் காப்பாற்றுகிறது; மற்றக் குழு ரசிகர்களுக்கு அதன்மேல் இருக்கும் கடுப்புக்குக் காரணம் இதுவே.

உறுப்பினர்தான் முதலாளி என்றால் கட்டணத்தை உயர்த்துவது எளிதல்ல. ரசிகர்கள் சும்மா இருப்பவர்களும் அல்லர். திங்கள் இரவு ஆட்டங்களை எதிர்த்தே முதல் டிவிஷனிலிருந்து ஒழித்தார்கள். லீக்கின் வருமானத்தில் முதலீட்டாளரைச் சேர்க்கும் திட்டத்தை எதிர்த்துத் திடலுக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

அங்கே ஜெர்சி வாங்கினால் வரி திரும்பக் கிடைக்குமா? சாங்கியில் ஏதும் கட்டவேண்டுமா?
- வாசகர், ஈசூன்

ஒரே கடையில் ஒரே ரசீதில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால் கேட்கலாம். விலைக்குள் 19 விழுக்காடு வரி இருக்கிறது. இடைத்தரகு நிறுவனக் கழிவு போக அதற்குக் குறைவாகத்தான் கைக்கு வரும். வாங்கும்போதே படிவம் கேளுங்கள், கடப்பிதழ் கையில் இருக்கட்டும். சட்டையைப் பெரிய பெட்டியில் வைப்பதானால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும்முன் சுங்க அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்கவேண்டும். ஒப்படைத்த பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

சிங்கப்பூர் திரும்பும்போது, 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவருக்கு 500 சிங்கப்பூர் வெள்ளி வரை பொருள் சேவை வரி விலக்கு. அதற்கு மேற்பட்ட தொகைக்கு 9 விழுக்காடு. வேலை அனுமதிச் சீட்டு, மாணவர் அனுமதி, சார்ந்தோர் அனுமதி ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு அந்த 500 வெள்ளி விலக்கு கிடையாது. ஒரு சட்டைக்கும் வரி உண்டு. பிடோக் வாசகர் நண்பர்களின் ஜெர்சிகளையும் தம் பெட்டியில் சுமந்து வர ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நல்லது.