முதியோர் பராமரிப்பு இல்லங்கள்: நிர்வாகத்தில் இருப்போரின் கேள்விகளும் பதில்களும்

முதியோர் பராமரிப்பு இல்லங்களை நடத்துவோரும், அங்கே பணிபுரிவோரும், பெற்றோரை அங்கே சேர்த்திருப்போரும் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பொருளைப் பற்றிப் பலர் எழுதியிருந்தால், அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் இல்லத்தில் படுக்கையை விட்டு எழ முடியாதவர்கள் 15 பேர் இருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதாகப் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. இருந்தும் படுக்கைப்புண் வந்துகொண்டே இருக்கிறது. இரவில் இரண்டு ஆயாக்கள் பணியில் இருக்கிறார்கள். தவறு எங்கே?

பதில்: முதலில் இரவுப் பதிவேட்டை எடுத்து, கையெழுத்துகளை மேலிருந்து கீழாகப் பாருங்கள். இரவு 10 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் போட்ட கையெழுத்துகள் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை போலத் தெரிந்தால், அவை காலையில் பணி முடியும் நேரத்தில் மொத்தமாகப் போடப்பட்டிருக்கக்கூடும். அதற்காக ஆயாக்களைக் கண்டிப்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவரை இருவர் சேர்ந்து திருப்பி, நனைந்த துணியை மாற்றி, தலையணை வைத்து முடிக்க ஏழு நிமிடம் என்றால், 15 பேருக்கு 105 நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் மீதமிருப்பது 15 நிமிடம். யாராவது தண்ணீர் கேட்டாலோ, கழிவறைக்குப் போக அழைத்தாலோ அதுவும் போய்விடும். செய்து முடிக்க முடியாத வேலையைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தது நிர்வாகம். பொய்க் கையெழுத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எல்லாருக்கும் ஒரே இடைவெளி தேவையில்லை. பிரேடன் அளவுகோலைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் இடுங்கள். உணர்வு, ஈரம், இயக்கம், நடமாட்டம், உணவு, உராய்வு ஆகிய ஆறையும் பார்த்து 6 முதல் 23 வரை மதிப்பிடும் அளவுகோல் அது. மதிப்பெண் குறையக் குறைய படுக்கைப்புண் வரும் ஆபத்து கூடும். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்து உள்ளவர்களுக்குக் குறைந்தது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும், மிகுந்த ஆபத்து உள்ளவர்களுக்குக் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நிலை மாற்றச் சொல்கிறது. அதோடு தரமான ஃபோம் மெத்தையையும் வலியுறுத்துகிறது. ஆகவே மெத்தைக்குச் செலவிடுங்கள். அதனால் மிச்சமாகும் நேரத்தை, புண் ஏற்கெனவே தொடங்கிவிட்ட நான்கைந்து பேருக்குக் கொடுங்கள்.

நம் மக்களின் தோல் நிறத்தில் தொடக்கநிலைச் சிவப்பு எளிதில் தெரியாது. குளிப்பாட்டும்போது வால் எலும்புப் பகுதி, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவற்றைப் புறங்கையால் தொட்டு, சூடு, கெட்டித்தன்மை, சுற்றியுள்ள தோலைவிடக் கருத்த நிறம் இருக்கிறதா என்று பார்க்க ஆயாக்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடும் பழைய வழக்கத்தையும், இடுப்புக்குக் கீழே ரப்பர் வளையம் வைப்பதையும் நிறுத்துங்கள். நிறம் மாறிய இடத்தை அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள திசு மேலும் கெடும். குதிகாலுக்குக் கீழே அல்லாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தால், குதிகால் மெத்தையில் படாமல் நிற்கும்.

கேள்வி: சம்பளத்தைக் கூட்டியும் ஆயாக்கள் நிலைப்பதில்லை. ஆள் மாறிக்கொண்டே இருந்தால் தரத்தைப் பற்றி எப்படிப் பேச முடியும்?

பதில்: சம்பளம் முக்கியம், முறையான ஊதியம் தராத இல்லம் வேறு எதைச் செய்தும் பயனில்லை. அதற்குப் பிறகும் போகிறார்கள் என்றால், அவர்கள் சொல்வதற்கு அந்த இல்லத்தில் மதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு முதியவரின் உடல்நிலை மாறுவதை முதலில் உணர்பவர் பெரும்பாலும் அவருக்குச் சோறு ஊட்டுபவர்தான். "பாட்டி நேற்றிலிருந்து சரியில்லை, கஞ்சியை வாயிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்" என்று ஆயா சொல்லும்போது காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாமல் இருக்கலாம். ஆனால் சிறுநீர்த் தொற்றும், நுரையீரல் தொற்றும், நீரிழப்பும் முதியவர்களிடம் பல நேரங்களில் இப்படித்தான் தொடங்குகின்றன. அந்தச் சொல்லைச் செவிலியர் கேட்டுக்கொண்டு, நாடியையும் வெப்பநிலையையும் பார்த்து, மருத்துவரை அழைத்தால், ஒரு மருத்துவமனைச் சேர்க்கையைத் தவிர்க்க முடியும். அமெரிக்க இல்லங்களில் நடைமுறையில் உள்ள 'இன்டராக்ட்' திட்டம், உதவியாளர்கள் இத்தகைய மாற்றங்களைக் குறித்துக் கொடுப்பதற்கென்றே 'ஸ்டாப் அண்ட் வாட்ச்' என்ற ஒரு தாளை வைத்திருக்கிறது. தமிழில் பத்து வரிகளில் அப்படி ஒரு தாளை நீங்களே தயாரிக்கலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொல்வதைச் செவிலியர் எழுதிக்கொள்ளலாம்.

ஷிப்ட் மாறும்போது செவிலியர்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல், ஆயாக்களையும் அருகில் நிறுத்தி, ஒவ்வொரு படுக்கையைப் பற்றியும் அவர்களை முதலில் பேசச் சொல்லுங்கள். ஒரே முதியவர்களை ஒரே ஆயாவிடம் தொடர்ந்து ஒப்படையுங்கள். தினமும் வார்டை மாற்றிக்கொண்டிருந்தால், யார் எவ்வளவு சாப்பிடுவார் என்பதே யாருக்கும் தெரியாது. இன்னொன்று: யாராவது விழுந்தால் அன்றைக்குப் பணியிலிருந்தவரின் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் சில இல்லங்களில் இருப்பதை அறிவேன். அதை இன்றே நிறுத்துங்கள். பிடித்தம் இருக்கும் இடத்தில் எந்த ஆயாவும் விழுந்ததைச் சொல்ல மாட்டார். இடுப்பெலும்பு முறிந்தவர் வலியோடு இரண்டு நாள் கிடந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியவரும்.

கேள்வி: அம்மாவைப் பார்க்கப் போனபோது நாற்காலியோடு சேலைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். கேட்டால், விழாமல் இருப்பதற்காக என்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியன்று. கட்டி வைப்பதால் விழுந்து அடிபடுவது குறையும் என்பதற்குச் சான்று இல்லை. தசை தளர்கிறது, புண் வருகிறது, கட்டை அவிழ்க்க முயன்று சரியும்போது கழுத்து இறுகும் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் 1986-இல் இல்லங்களின் தரத்தைப் பற்றி வெளியான ஆய்வறிக்கையைத் தொடர்ந்து 1987-இல் வந்த சட்டம், பணியாளரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ கட்டப்படாமல் இருப்பதை முதியவரின் உரிமையாக்கியது. அதன்பின் கட்டும் வழக்கம் பெருமளவு குறைந்தது.

மேலாளரிடம் நேரில் பேசுங்கள். அம்மா எந்த நேரத்தில், எதற்காக எழ முயல்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் சிறுநீர் கழிக்கவோ, வலி தாங்காமலோ, ஒரே இடத்தில் நெடுநேரம் இருந்த அலுப்பிலோதான் எழுவார்கள். உணவுக்குப் பிறகும் தூங்கப் போகும் முன்பும் கழிவறைக்கு அழைத்துச் செல்வதும், கட்டிலின் உயரத்தைக் குறைப்பதும், வழுக்காத காலணி அணிவிப்பதும், மாத்திரைகளை மருத்துவர் மறுபரிசீலனை செய்வதும் உதவும். பேசியும் மாறாவிட்டால் மாவட்டச் சமூகநல அலுவலரிடம் புகார் கொடுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

கேள்வி: நான் ஓர் இல்லத்தின் அறங்காவலர், மருத்துவம் அறியேன். மாதக் கூட்டத்தில் வரவு செலவைத் தவிர வேறு எதைக் கேட்பது?

பதில்: கட்டிடம், ஆள், கருவி ஆகியவற்றை அமைப்பு என்றும், செய்யும் பணியைச் செயல்முறை என்றும், முதியவருக்கு நேர்வதை விளைவு என்றும் மருத்துவப் பராமரிப்பின் தரத்தை ஆராய்ந்த மருத்துவர் டொனபீடியன் 1966-இல் பிரித்துக் காட்டினார். அறங்காவலர் கூட்டங்கள் பெரும்பாலும் முதலாவதோடு முடிந்துவிடுகின்றன. நீங்கள் விளைவைக் கேளுங்கள்: இந்த மாதம் இல்லத்தில் புதிதாகத் தொடங்கிய படுக்கைப்புண் எத்தனை? ஒரு மாதத்தில் 5 சதவீதமோ, ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தவர்கள் யார் யார், அவர்களுக்கு என்ன செய்யப்பட்டது? தூக்க மாத்திரை உண்பவர்கள் எத்தனை பேர், அது யாருடைய ஆணையில், எப்போது தொடங்கியது?

இவற்றில் எடையைத்தான் நான் முதன்மையாக வைப்பேன். ஒரு தராசு போதும், யாரும் எளிதில் கற்றுக்கொள்ளலாம், சமையலறை முதல் பற்கள் வரை எங்கே கோளாறு இருந்தாலும் அதில் தெரிந்துவிடும். எண்கள் உயர்ந்தால் மேலாளரைக் குற்றவாளியாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்த மாதமே எண்கள் அழகாகிவிடும், முதியவர்களின் நிலை அப்படியே இருக்கும். விழுந்தவர்களின் எண்ணிக்கை திடீரென்று கூடினால், முன்பு மறைத்ததை இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: செலவில்லாமல் உடனே தொடங்கக்கூடிய முன்னேற்றம் ஒன்றைச் சொல்ல முடியுமா?

பதில்: வாய்ச் சுத்தம். ஜப்பானில் 11 இல்லங்களில் நடந்த ஆய்வில், உணவுக்குப் பின் பல்லையும் வாயையும் சுத்தம் செய்தவர்களிடம் நிமோனியா குறைவாக இருந்தது. பல் இல்லாதவர்களுக்கும் ஈறையும் நாக்கையும் மென்மையான பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். தலையை உயர்த்தி உட்கார வைத்தே செய்ய வேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. செயற்கைப் பல்செட்டை இரவில் கழற்றி, கழுவி, பெயர் எழுதிய டப்பாவில் தண்ணீரில் போட்டு வையுங்கள்.